நான் கொடுத்த ஒண்ணாம் ரேங்க்

போன வருஷம் ஆடி மாதம், திருமுல்லைவாயிலில் என் வீட்டு வாசலில் ஆரம்பித்த கதை இது. தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. இந்தக் கதைக்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். அங்கேயே மிஷின் பிடிக்கக் கற்றேன். பிறகு சொந்தமாக ஒரு ஷெட் எடுத்து வாஷர் அடித்துக் கொடுத்து மேலே வந்தேன். நான் அடித்த வாஷர் இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு வண்டியும் ஓடியிருக்காது என்று எங்கள் ஏரியாவில் சொல்வார்கள். முதலில் நான்தான் சொன்னேன். பிறகு அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். இன்றைக்கு மூன்று மாடி வீடு இருக்கிறது. ஷெட்டை வாடகைக்கு விட்டுவிட்டேன். பொறியியல் படித்த மகள் பெங்களூரில் இருக்கிறாள்.

சும்மா உட்காரத் தெரியாதவனை உட்கார வைத்தால் அவன் எதையாவது நோண்டுவான். மகள் ஊருக்கு வந்தபோது என் ஃபோனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். "அப்பா, எது வேணுமோ படத்தைப் பார்த்து அழுத்துங்க, பத்து நிமிஷத்துல வீட்டுக்கு வந்துடும்" என்றாள். நான் நம்பவில்லை. அவள் ஊருக்குக் கிளம்பிய மறுநாளே சோதனை போட்டேன். ஒரு கட்டு கறிவேப்பிலை அழுத்திவிட்டு வாசல் கேட் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வந்துவிட்டது. சரி, தீப்பெட்டி? அதுவும் வந்தது. எலுமிச்சம்பழம், கற்பூரம், சோடா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மழையில் வருமா, மத்தியான வெயிலில் வருமா என்றும் பார்த்தேன். இது எந்தக் கடை, எங்கே இருக்கிறது, நான் என் வீட்டில் விரல் வைத்தது அங்கே இருப்பவனுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு மிஷினைப் பார்த்தால் அதன் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. இந்த மிஷினின் உள்பக்கம் மட்டும் பிடிபடவில்லை.

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கறிவேப்பிலை மரம் பின்னாடி கீது. அதைப் பறிக்க சோம்பேறித்தனம் பட்டுகினு ஃபோன்ல வாங்குற மனுஷனை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பொருள் வந்து சேர்ந்ததும் ஃபோனில் வரிசையாக ஐந்து நட்சத்திரம் வந்து நிற்கும். கொண்டுவந்த ஆளுக்கு மதிப்புப் போட வேண்டுமாம். அந்த அளவுக்கு எனக்குப் புரிந்தது. மதிப்புப் போடுவதில் நான் கஞ்சன் இல்லை. என் ஷெட்டில் நல்ல சரக்குக்குப் பெயர் ஒண்ணாம் நம்பர் மால். ரெண்டாம் நம்பர் என்றால் தள்ளுபடிக்குப் போகும். மூன்றாம் நம்பர் காயலான் கடைக்கு. நான் பள்ளிக்கூடத்தில் ரேங்க் வாங்கியவன் இல்லை. ஆனால் என் மகள் ஒண்ணாம் ரேங்க் வாங்கி வந்த அட்டையை ஷெட் முழுக்கக் காட்டிவிட்டு வந்தவன். ஒன்று என்றால் எனக்கு உச்சி. அதனால் வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நட்சத்திரத்தை அழுத்தமாக ஒரு தட்டு தட்டுவேன். உடனே அடியில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வரும். நன்றி சொல்கிறது போலிருக்கிறது என்று மூடிவிடுவேன்.

படிக்கிறவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். எனக்கு அப்போது வரவில்லை. இன்னும் கேளுங்கள்.

பெரும்பாலும் அதே நாலைந்து பிள்ளைகள்தான் மாறி மாறி வருவார்கள். அவர்களில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தம்பி அடிக்கடி வருவான். விழுப்புரம் பக்கம், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். "ஐயா" என்று கூப்பிட்டுப் பையை இரண்டு கையாலும் கொடுப்பான். என்னுடைய கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னவனும் அவன்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்திருக்கிறான் என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பிரஸ் டூல் தெரியுமா?" என்று சோதித்தேன். தெரிந்தது. "அப்புறம் ஏன்பா எலுமிச்சம்பழம் தூக்கிக்கிட்டு வர்றே?"

"ஐடி கம்பெனியில வேலை கிடைச்சிருச்சுங்கய்யா. ஆர்டர் வந்துருச்சு. சேர்ற தேதி மட்டும் வரலை. இந்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிக்கிட்டே போறாங்க. அதுவரைக்கும் சாப்பிடணும்ல."

மெக்கானிக்கல் படித்தவன் ஏன் ஐடிக்குப் போகிறான், வேலையைக் கொடுத்துவிட்டுத் தேதி கொடுக்காமல் இருக்க ஒரு கம்பெனியால் எப்படி முடியும், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் காலத்தில் வேலை இருந்தால் உள்ளே வா, இல்லையென்றால் வெளியே போ. வாசற்படியில் நிற்க வைப்பது என்று ஒன்று கிடையாது. ஆனாலும் அந்தத் தம்பியை எனக்குப் பிடித்துப்போனது. அவன் வரும்போதெல்லாம் முதல் நட்சத்திரத்தை இன்னும் கொஞ்சம் அன்பாகவே தட்டினேன்.

எங்கள் தெருவில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை. பந்தலில் பம்பையும் ஒலிபெருக்கியும் அலறிக்கொண்டிருந்தன. வெல்லம் தீர்ந்துபோனதால் ஃபோனில் போட்டேன். அந்தத் தம்பிதான் கொண்டுவந்தான். முகம் வாடியிருந்தது. ஏதோ சொன்னான். பம்பைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. இனிமேல் வர மாட்டேன் என்பது ஒன்று, ஐடி என்பது ஒன்று, போகப்போகிறது என்பது போல ஒன்று.

ஐடிக்குப் போகப்போகிறான். சேரும் தேதி வந்துவிட்டது. இதைவிட என்ன வேண்டும்? அவன் தோளைத் தட்டி, "நான் அன்னிக்கே நெனைச்சேன்பா, நல்லா இரு" என்று சத்தமாகச் சொன்னேன். என் மனைவியைக் கூப்பிட்டு ஒரு பெரிய சொம்பு நிறையக் கூழும் முருங்கைக்கீரையும் கொடுக்கச் சொன்னேன். அவன் என்னையும் சொம்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். குடித்தான். சிரிக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். அவன் வண்டி தெருமுனை திரும்பும்போதே ஃபோனை எடுத்து ஒரு தட்டு தட்டினேன். போகிற பிள்ளைக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று.

அதற்கடுத்து வந்தவர் வேறொருவர். வயது முப்பதுக்குக் கிட்டே இருக்கும், நம்ம ஆவடி ஆள், ஏற்கெனவே சில தடவை வந்திருக்கிறார். நான் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டே, "உங்க செட்டுல கண்ணாடி போட்ட தம்பி ஐடியில சேர்ந்துட்டானாமே" என்று பெருமையாகக் கேட்டேன், ஏதோ நான் சேர்த்துவிட்ட மாதிரி.

அவர் என்னை முறைத்தார். "இன்னா நைனா, கலாய்க்கிறியா? அவன் எங்க ஐடியில சேர்ந்தான். அவன் ஐடியே பூட்ச்சு."

"ஐடி எப்படிப்பா போவும்? கம்பெனியை மூடிட்டாங்களா?"

"அந்த ஐடி இல்ல நைனா. இந்த ஐடி." ஃபோனை எடுத்துக் காட்டினார். அவருடைய படம், பக்கத்தில் ஒரு நம்பர். "இதான் எங்களுக்கு ஐடி. இத்த தட்டினாத்தான் ஆர்டர் உளும். அவனுக்கு பிளாக் பண்ட்டாங்க. வண்டி வாரத்துக்கு இவ்ளோன்னு வாடகைக்கு எடுத்தது, ஐடி இல்லன்னா வாடகைக்கு உட்டவன் அதையும் புடுங்கிக்குவான். ரூமுக்குக் குடுக்க இல்ல. ஊருக்குப் போறேன்னு மூட்டை கட்டிகினு கீறான்."

எனக்குக் கூழ்ச் சொம்பு ஞாபகம் வந்தது. வேலை போகப்போகிறது என்று சொன்னவனைத் தோளில் தட்டி வாழ்த்தியிருக்கிறேன். அவன் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான்?

ஆனால் நான் அதோடு ஓய்ந்துபோகிற ஆள் இல்லை. எஸ்டேட்டில் எத்தனையோ பேருக்குப் போன வேலையை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எல்லாமே நேரில் போய் முதலாளியைப் பார்த்துப் பேசி வாங்கிக் கொடுத்ததுதான். "உங்க முதலாளி எங்கே இருக்கான்? என்னைக் கூட்டிக்கிட்டுப் போ. முதலாளிக்கு முதலாளி பேசுனா கேப்பான்" என்றேன். சட்டையை மாற்றிக்கொண்டு, செண்ட் போட்டு, மோதிரம் போட்டு வந்தேன். என் மனைவி, "இந்த வயசுல பைக்கு பின்னாடி குந்திகினு போவுது பாரு" என்றாள். ஆவடிக்காரர் வண்டியை முறுக்கினார். "ஏறு நைனா. முதலாளியப் பாத்தா எனக்கும் சொல்லு. நானும் இதுவரைக்கும் பாத்தது இல்ல."

நான் தேடிக்கொண்டிருந்த கடை என் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம்கூட இல்லை. எங்கள் மெயின் ரோடான சி.டி.எச். சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பாதி இறக்கிய ஷட்டர். பெயர்ப் பலகை இல்லை. கல்லா இல்லை. வாடிக்கையாளர் உள்ளே போக முடியாத கடையை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தால், வரிசை வரிசையாக அலமாரி, நடுவில் சின்னப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பையில் போடுகிறார்கள். நான் அழுத்திய கறிவேப்பிலை இங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. எனக்கு அரை மணி நேரம் நின்று வேடிக்கை பார்க்க ஆசையாக இருந்தது. வந்த வேலை வேறு.

ஷட்டருக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழே வண்டியில் சாய்ந்தபடி ஐந்தாறு பிள்ளைகள். ஓரமாக, ஊருக்குக் கொண்டுபோகும் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடித் தம்பி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மரியாதை மாறவில்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"யாருப்பா உங்க முதலாளி?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"அப்டி யாரும் இல்ல நைனா" என்றார் ஆவடிக்காரர்.

"உங்களை வேலைக்கு எடுத்தது யாரு?"

"ஃபோனு."

"வேலை சொல்றது?"

"ஃபோனு."

"லீவு வேணும்னா யார்கிட்ட கேப்பே?"

"ஃபோனை ஆஃப் பண்ணா லீவு."

"தப்புப் பண்ணா திட்டுறதுக்காவது ஒருத்தன் இருப்பான்ல?"

"அதுவும் ஃபோனுதான். இங்கிலீஷ்ல திட்டும், மரியாதையா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. ஷட்டரைத் தட்டி உள்ளே இருந்த இன்சார்ஜை வெளியே வரச் சொன்னேன். வந்தவன் இவர்களைவிடச் சின்னவன். பாவம், வியர்த்துப்போயிருந்தான். "எனக்கு மேல யாருன்னு எனக்கே தெரியாது சார். குரூப்ல மெசேஜ் வரும், செய்வேன். ஐடி விஷயம் இங்க இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து உள்ளே போய்விட்டான்.

கண்ணாடித் தம்பியிடமே கேட்டேன். "சரி, எதுக்காகப்பா உன்னை நிறுத்துனாங்க?"

"கஸ்டமர் ரேட்டிங் கம்மியாயிருச்சுங்கய்யா. யாரு குறைச்சுப் போட்டாங்கன்னு காட்டாது. முதல்ல ஒரு வார்னிங் வந்துச்சு, அப்புறம் இன்னொண்ணு. நான் யார்கிட்டயும் மரியாதை இல்லாம பேசுனது இல்லை. லேட்டாவும் போனது இல்லை. என்ன தப்புன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், தெரியலை."

ஆவடிக்காரர் தரையில் துப்பினார். "இந்த ஏரியாவுல எவனோ ஒரு கசுமாலம் கீறான் நைனா. எவன் போனாலும் குறைச்சு குறைச்சுப் போட்டுகினே கீறான். எனக்கும் உளுந்துச்சு. நம்மளுது பழைய ஐடி, தாங்கிச்சு. இவன் புச்சு, சாஞ்சிட்டான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு வெயிலில் ஓடிவரும் பிள்ளைகளுக்குக் குறைத்துப் போட ஒருவனுக்கு எப்படி மனசு வரும்? மோதிர விரலை நீட்டிப் பேச ஆரம்பித்தேன். நான் பேச ஆரம்பித்தால் நன்றாகவே பேசுவேன்.

"மனுஷனா அவன்? என்னைப் பாருங்கடா. நாலாவது படிச்சவன். இதுவரைக்கும் ஒருத்தனுக்காவது குறைச்சுப் போட்டிருப்பேனா? இந்தத் தம்பி வந்த ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. நீ வந்தப்பவும் ஒண்ணு. இங்க நிக்கிற யாரு வந்திருந்தாலும் ஒண்ணுதான். ரெண்டுகூடப் போட்டது இல்லை. எல்லாருக்கும் ஒண்ணாம் ரேங்க்."

பேச்சை முடித்துவிட்டு மெச்சுவார்கள் என்று பார்த்தேன். ஒரு பிள்ளை காதிலிருந்த வயரைக் கழற்றினான்.

"நைனா," என்றார் ஆவடிக்காரர் மெதுவாக, "இன்னொரு வாட்டி சொல்லு. எத்தினி போடுவே?"

"ஒண்ணு. முதல் நட்சத்திரம்."

அவர் என் ஃபோனைக் கேட்டு வாங்கினார். திறந்து, பழைய ஆர்டர்களைக் கீழே கீழே தள்ளிப் பார்த்தார். கறிவேப்பிலை, தீப்பெட்டி, கற்பூரம், சோடா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தது. பிறகு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி எனக்குச் சொன்னார். இது ரேங்க் இல்லை, மார்க். ஐந்துக்கு எத்தனை என்று கணக்கு. ஐந்தும் போட்டால்தான் பாஸ். ஒன்று என்றால் செருப்பால் அடித்த மாதிரி. அடியில் இங்கிலீஷில் வருவது நன்றி இல்லை. என்ன தப்புச் செய்தான் என்று கேட்கிறது.

ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். இன்னொருவன் வண்டியில் குப்புறப் படுத்துச் சிரித்தான். ஆவடிக்காரர் என் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தபடி, "இனிமே முதலாளியத் தேடாத நைனா. ஆள் கெடச்சாச்சு" என்றார்.

கண்ணாடித் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "கூழ் கொடுத்தீங்களேய்யா, அன்னிக்கும் போட்டீங்களா?"

"போட்டேன்பா. நல்லா இருக்கணும்னு போட்டேன்."

"அதுதாங்கய்யா கடைசி. அது வந்து விழுந்து கொஞ்ச நேரத்துல பிளாக் ஆயிருச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை நாள் யோசித்த கணக்குக்கு விடை கிடைத்துவிட்ட மாதிரி சொன்னான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பேச வாய் இருந்திருக்கும். எத்தனையோ யூனியன்காரர்களிடம் பேசி ஜெயித்தவன் நான்.

ஊருக்குப் போகாதே, ஒரு வாரம் பொறு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மேல்மாடியில் ஓர் அறை காலியாகத்தான் இருந்தது, அங்கே தங்கச் சொன்னேன். என் ஷெட்டை வாடகைக்கு எடுத்திருப்பவரிடம் சொல்லி உடனே வேலை வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். அறைக்குச் சரி என்றான். வேலைக்கு வேண்டாம் என்றுவிட்டான்.

எனக்கு அது புரியவில்லை. நிழலில் நிற்கும் வேலை, மாதச் சம்பளம், ஏன் வேண்டாம்?

"ஷிஃப்ட்ல போய் நின்னுட்டா இன்டர்வியூவுக்குப் போக முடியாதுங்கய்யா. கம்பெனி திடீர்னு கூப்பிட்டா பாதியில விட்டுட்டு ஓடணும், உங்க பேரு கெட்டுப்போயிடும். இதுன்னா எனக்கு வேணும்கிறப்ப ஓட்டுவேன், வேண்டாம்னா நிறுத்துவேன். எனக்கு ஐடி திரும்பி வந்தாப் போதும்."

நான் பிரஸ் ஷாப்பை விட்டு வெளியே வந்தபோது என் முதலாளியிடம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னேன். என் நேரம் என் கையில் இருக்கட்டும் என்று. ஒரு வித்தியாசம். நான் வெளியே வந்தது ஒரு ஷெட்டுக்கு. இவன் போய் நிற்பது ஒரு ஃபோனுக்குள். அதற்குக் கதவு எந்தப் பக்கம் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் வேலை அதுதான். ஆப்பில் புகார் சொல்லும் இடத்துக்குப் போனால், பொருள் வரவில்லையா, உடைந்து வந்ததா, பணம் திரும்ப வேண்டுமா என்று வரிசையாகக் கேட்கும். தெரியாமல் ஒரு பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல அதில் இடமே இல்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, உடைந்து வந்தது என்பதை அழுத்தச் சொன்னான். அதை அழுத்தினால்தான் மனிதர் பேசுவாராம். என் வாழ்நாளில் நான் பேச வந்த விஷயத்தை மறைத்துக்கொண்டு ஒரு கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

ஒரு பெண் பேசினாள். குரல் சின்ன வயது. நான் ஒண்ணாம் நம்பர் மாலில் ஆரம்பித்து, மகளின் ரேங்க் அட்டை, கூழ், பம்பைச் சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. போட்டதை மாற்ற முடியாது சார், ஆனால் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதி மேலே அனுப்புகிறேன் என்றாள்.

"மேலேன்னா யாரும்மா?"

"அது தெரியாதுங்க சார். அனுப்புறது மட்டும்தான் எங்க வேலை." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், இந்தக் கால் முடிஞ்சதும் என்னைப் பத்திக் கேக்கும். தயவுசெஞ்சு அஞ்சு அழுத்துங்க. ஒண்ணு அழுத்திடாதீங்க" என்றாள்.

என் விரல் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. என் மனைவியைக் கூப்பிட்டு அவளைத்தான் அழுத்தச் சொன்னேன். "அஞ்சுதானே, இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தினாள்.

மறுநாளும் கூப்பிட்டேன். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் வேறு குரல், மறுபடி கறிவேப்பிலையிலிருந்து கதையை ஆரம்பிக்க வேண்டும். தம்பி காலையில் எழுந்ததும் ஃபோனைத் திறந்து பார்ப்பான், மூடிவைப்பான். மாலையில் வேப்பமரத்தடிப் பிள்ளைகள் யாராவது வந்து அவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த வார வண்டி வாடகையையும் அவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிட்டார்கள். எனக்கு அங்கே ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள், ஒத்த ஸ்டார் நைனா. எங்கள் தெருவில் என்னை அப்படிப் பேர் வைத்துக் கூப்பிட இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

சொன்ன வாரம் முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் மதியம் பெரிய மழை பிடித்துக்கொண்டது. சோழம்பேடு ரோடு பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று பேசிக்கொண்டார்கள். தம்பி மாடியிலிருந்து படி இறங்கி ஓடிவந்தான். ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அவனுடைய படம், பக்கத்தில் அந்த நம்பர். ஐடி வந்துவிட்டது. மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. முதல் நாள் சேர்ந்தவனை வரவேற்பது மாதிரி ஒரு வரி, அவ்வளவுதான்.

நான் பேசியது மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, பார்த்தாயா என்று ஆரம்பித்தேன். தம்பி மறுக்கவில்லை, மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அப்புறம் ஆவடிக்காரர்தான் சொன்னார். மழைக்கு ஆள் வரவில்லை என்றால் பிளாக் ஆன ஐடியைச் சில சமயம் திறந்துவிடுவார்களாம். "நீ பேசினதால வந்துச்சோ, மழை பேசினதால வந்துச்சோ, யாருக்குத் தெரியும் நைனா."

யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, இன்சார்ஜுக்குத் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் செய்ததையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், செய்யாத சிலதையும் சேர்த்துக்கொள்வேன். இந்த ஒன்றை மட்டும் நான் செய்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாததால், அதில் பெருமைப்பட வழியில்லாமல் போய்விட்டது.

தம்பிக்கு அந்தக் கம்பெனியிலிருந்து சேரும் தேதி இன்னும் வரவில்லை. இன்டர்வியூவுக்கு அங்கங்கே போய்வருகிறான். மேல்மாடி அறையில் வாடகை கொடுத்துத்தான் இருக்கிறான், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. நானும் இன்றுவரை ஆர்டர் போடுகிறேன். கறிவேப்பிலை மட்டும் மரத்தில் பறித்துக்கொள்கிறேன்.

ஷெட்டில் முதலாளியாக இருந்தவரை என் கீழே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஒருவனைப் போகச் சொல்ல வேண்டுமென்றால் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் முதலாளியாகிவிட்டேன் என்பதால், இப்போதெல்லாம் அந்த நட்சத்திரங்கள் வந்து நின்றதும் என் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வந்துபோன பிள்ளையின் முகத்தை ஒரு தடவை நினைத்துக்கொண்டு, ஐந்து வரைக்கும் எண்ணித்தான் விரலை வைக்கிறேன்.